விஎம்முக்குள் கெர்னல் மாட்யூல் ஏற மறுக்கிறதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவும் முன்

உபுண்டு லினக்ஸ் ஓடும் விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒன்றில், செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் புதிதாக நிறுவினேன். நிறுவல் முடிந்தது, சர்வீஸ் மட்டும் எழவே இல்லை. ‘பிரிட்ஜ்’ டிரைவரைப் பதிவு செய்ய முடியவில்லை, ‘நேட்’ செயினை உருவாக்க முடியவில்லை என்று லாகில் பத்துப் பதினைந்து வரிகள். டாக்கரைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். மறுநாள் பழைய பதிப்பைப் போட்டேன். மூன்றாம் நாள் மாலை விஎம்மையே அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் லாகில் இன்னும் மேலே இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. ‘ஓவர்லே’ என்ற மாட்யூலை இந்த டைரக்டரியில் காணோம் என்று, மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளை சொல்லியிருந்தது. (கெர்னல் என்பது லினக்ஸின் மையம், மாட்யூல் என்பது தேவைப்படும்போது அதில் ஏற்றும் டிரைவர் போன்ற துண்டு.) போய்ப் பார்த்தால் அந்த டைரக்டரியே டிஸ்கில் இல்லை. முந்தின வாரம் ‘பூட்’ பார்ட்டிஷன் நிரம்பியபோது பழைய கெர்னல்களை நான்தான் நீக்கினேன். அப்போது ஓடிக்கொண்டிருந்த கெர்னலும் சேர்ந்து போயிருந்தது. ஒரு ரீபூட்டில் எல்லாம் சரியானது.

அந்த மூன்று மாலைகள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸுக்குப் புதியவர், சொந்தக் கணினியில் விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸிலோ, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வரான விபிஎஸ்ஸிலோ வேலை செய்கிறவர், ‘மாட்யூல்’ என்ற சொல் எர்ரரில் வந்ததும் கை நடுங்குகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். கட்டளைகளைச் சொல்லும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் உபுண்டு, டெபியன். ரெட்ஹேட் குடும்பம் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஸ்நாப்ஷாட், அதாவது விஎம்மின் இப்போதைய நிலையைச் சேமித்துவைக்கும் பிரதி. விர்ச்சுவல்பாக்ஸில் எடுக்கக் காசு இல்லை, டிஸ்க் இடம் மட்டும் போகும். வாடகை விபிஎஸ்ஸில் பல இடங்களில் ஸ்நாப்ஷாட்டுக்கு மாதக் கட்டணம் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு எடுங்கள், ஆனால் எடுங்கள்.

இரண்டாவது, கன்சோல், அதாவது விஎம்மின் திரையையே காட்டும் ஜன்னல். நெட்வொர்க் வழியே டெர்மினலில் நுழையும் எஸ்எஸ்ஹெச் மட்டும் போதாது. கீழே 7, 8ஆம் படிகளில் வரும் திரைகள் லினக்ஸ் முழுதாக எழுவதற்கு முன்பே வருபவை. அவற்றை எஸ்எஸ்ஹெச்சில் பார்க்கவே முடியாது. விபிஎஸ் என்றால் கன்ட்ரோல் பேனலில் ‘கன்சோல்’ அல்லது ‘விஎன்சி’ என்ற பொத்தான் இருக்கும். அது திறக்கிறதா, அதில் கீபோர்டு சரியாகத் தட்டுகிறதா, அங்கே லாகின் செய்ய உங்களுக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எஸ்எஸ்ஹெச் கீயை மட்டும் வைத்துக்கொண்டு பாஸ்வேர்டே வைக்காதவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு குறிப்புத் தாள். ஓடும் கெர்னலின் பதிப்பு, விநியோகத்தின் பெயரும் எண்ணும், எந்த ஹைப்பர்வைசர் (விஎம்மை ஓட்டும் மென்பொருள்), செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) உண்டா இல்லையா, கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள். இந்த ஐந்தும் எழுதப்பட்டிருந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

டிஸ்கில் ஒரு ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மாட்யூலைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர்களும் கம்பைலரும் இடம் கேட்கும். ‘பூட்’ தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் ‘டிஎஃப் -ஹெச்’ போட்டு அதையும் பாருங்கள்.

செலவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ வேறு, ‘எக்ஸ்டென்ஷன் பேக்’ வேறு. விஎம்முக்குள் மாட்யூல்கள் வருவது முதலாவதில். இரண்டாவதன் உரிமம் சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். மாட்யூல் ஏறவில்லை என்று எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தேடிப் போகாதீர்கள், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

2. இது உண்மையிலேயே விஎம்தானா?

‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ என்று தட்டுங்கள். ஒரே சொல் வரும். ‘கேவிஎம்’, ‘ஆரக்கிள்’, ‘விஎம்வேர்’, ‘மைக்ரோசாஃப்ட்’ என்று வந்தால் உங்களுக்கென்று தனிக் கெர்னல் இருக்கிறது, அடுத்த படிக்குப் போகலாம். ‘கேவிஎம்’ என்பது லினக்ஸ் கெர்னலின் சொந்த ஹைப்பர்வைசர், ‘ஆரக்கிள்’ என்பது விர்ச்சுவல்பாக்ஸ், ‘மைக்ரோசாஃப்ட்’ என்பது ஹைப்பர்-வி.

‘எல்எக்ஸ்சி’, ‘ஓப்பன்விஇசட்’, ‘டாக்கர்’ என்று வந்தால் நில்லுங்கள். அது கன்டெய்னர். கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. அடியில் இருக்கும் ஹோஸ்டின் கெர்னலைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். உள்ளே நீங்கள் ரூட்டாக இருந்தாலும் வழக்கமான கன்டெய்னரில் மாட்யூல் ஏற்ற அனுமதி இருக்காது. எத்தனை முறை நிறுவினாலும் ‘ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்றுதான் வரும்.

இதில் நான் பணத்தை இழந்திருக்கிறேன். வயர்கார்டு விபிஎன் போடுவதற்காக விலை மலிவாக இருந்த ஒரு விபிஎஸ்ஸுக்கு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். விளம்பரத்தில் விபிஎஸ் என்று மட்டும் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கன்டெய்னர். வயர்கார்டு 5.6ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அந்த ஹோஸ்டின் கெர்னல் அதைவிடப் பழையது. கெர்னல் தேவைப்படாத யூசர்ஸ்பேஸ் வயர்கார்டும் உண்டு. அதற்கும் ‘டன்’ என்ற டிவைஸை ஹோஸ்ட் திறந்துவிட வேண்டும். சப்போர்ட்டுக்கு எழுதினேன், திறந்துவிட முடியாது என்று பதில் வந்தது. ஆகவே விபிஎஸ் வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இது கேவிஎம்மா, கன்டெய்னரா? முடிந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.

3. மாட்யூல் இல்லையா, இருந்தும் கண்ணில் படவில்லையா?

‘எல்எஸ்மாட்’ தட்டினால் ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியல் வரும். தேடும் பெயர் அதில் இல்லை என்றதும் பலர் பதறுகிறார்கள். கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்ட டிரைவர்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது. விஎம்முக்கென்றே உள்ள விர்ட்ஐஓ டிரைவர்கள் சில இப்படித்தான். நெட்வொர்க்கும் டிஸ்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. ‘/லிப்/மாட்யூல்ஸ்/’ கீழே உங்கள் கெர்னல் பதிப்பின் பெயரில் ஒரு டைரக்டரி இருக்கும். அதற்குள் ‘மாட்யூல்ஸ்.பில்ட்இன்’ என்ற ஃபைலில் ‘க்ரெப்’ போட்டுத் தேடுங்கள். அங்கே இருந்தால் பிரச்சினை மாட்யூலில் இல்லை.

அங்கும் இல்லையா? ‘மாட்இன்ஃபோ’ என்று தட்டி மாட்யூலின் பெயரைக் கொடுங்கள். ஃபைல் எங்கே இருக்கிறது, எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது, வேறு எந்த மாட்யூல்களை நம்பியிருக்கிறது, யார் கையெழுத்திட்டது என்று எல்லாம் வரும். ‘நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் அந்தக் கெர்னலுக்கு அந்த மாட்யூல் டிஸ்கிலேயே இல்லை என்று பொருள்.

இங்கே கிளவுட் இமேஜ்களில் ஒரு குழி உண்டு. இடம் மிச்சப்படுத்துவதற்காக அவற்றில் சிறிய கெர்னலை வைத்திருப்பார்கள். டெபியனின் ‘கிளவுட்’ கெர்னலில் பல டிரைவர்கள் கிடையாது. ‘லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64’ என்ற வழக்கமான கெர்னலை நிறுவி ரீபூட் செய்தால் வந்துவிடும். உபுண்டுவில் கூடுதல் டிரைவர்களை ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்று தனிப் பேக்கேஜாகப் பிரித்திருக்கிறார்கள். வழக்கமான ‘ஜெனரிக்’ கெர்னலோடு அது சேர்ந்தே வரும், ‘விர்ச்சுவல்’ கெர்னலோடு வராது. ஜிட்சி என்ற வீடியோ கூட்ட மென்பொருளில் கூட்டங்களைப் பதிவு செய்ய ‘ஸ்நட்-ஏலூப்’ என்ற ஒலி மாட்யூல் வேண்டும். அமேசான் கிளவுடில் உபுண்டு வைத்திருப்பவர்கள் அதைத் தேடி அலைவது இந்தப் பேக்கேஜ் இல்லாததால்தான். உங்கள் கெர்னல் பதிப்பை அப்படியே பின்னால் சேர்த்து அந்தப் பேக்கேஜை நிறுவுங்கள். ரீபூட் தேவையில்லை, இரண்டு நிமிட வேலை.

4. கையால் ஏற்றுங்கள், கெர்னல் சொல்வதைப் படியுங்கள்

‘சூடோ மாட்ப்ரோப் -வி’ என்று தட்டி மாட்யூல் பெயரைக் கொடுங்கள். ‘இன்ஸ்மாட்’ வேண்டாம். அது கொடுத்த ஒரு ஃபைலை மட்டும் ஏற்றும். அந்த மாட்யூலுக்கு முன்னால் ஏற வேண்டியவற்றைத் தேடாது. கையால் ஒரு மாட்யூல் ஃபைலை நகலெடுத்து வைத்திருந்தால் ‘சூடோ டெப்மாட் -ஏ’ ஒரு தடவை ஓட்டிவிட்டு மாட்ப்ரோப் செய்யுங்கள்.

தோற்றதும் உடனே ‘சூடோ டிமெஸ்ஜி’ தட்டிக் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். மாட்ப்ரோப் சொல்வது ஒரு வரிதான். உண்மையான காரணத்தைக் கெர்னல் இங்கேதான் எழுதுகிறது. உபுண்டு 20.10 முதல் சூடோ இல்லாமல் டிமெஸ்ஜி வேலை செய்யாது.

அடிக்கடி வரும் எர்ரர்களும் அவற்றின் பொருளும்:

‘நாட் ஃபவுண்ட் இன் டைரக்டரி’: ஓடும் கெர்னலுக்கு உரிய ஃபைல் இல்லை. 5ஆம் படி.

‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ அல்லது ‘எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்’: ஃபைல் இருக்கிறது, ஆனால் வேறு கெர்னலுக்காகக் கட்டியது. டிமெஸ்ஜியில் ‘வெர்மேஜிக்’ என்ற சொல்லோடு இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 5, 6ஆம் படிகள்.

‘அன்நோன் சிம்பல்’: பெரும்பாலும் முன்னால் ஏற வேண்டிய மாட்யூல் ஏறவில்லை.

‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’, பழைய கெர்னல்களில் ‘ரிக்கொயர்ட் கீ நாட் அவெய்லபிள்’: செக்யூர் பூட். 7ஆம் படி.

‘நோ சச் டிவைஸ்’: மாட்யூல் நல்லபடியாக இருக்கிறது, அது தேடும் வன்பொருள் இந்த விஎம்மில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸுக்கான மாட்யூலை கேவிஎம் விஎம்மில் ஏற்றினால் இது வரலாம்.

‘ஆப்பரேஷன் நாட் சப்போர்ட்டட்’, அதுவும் ‘கேவிஎம்_இன்டெல்’ ஏற்றும்போது: விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்டப் பார்க்கிறீர்கள், வெளியே இருக்கும் ஹோஸ்ட் அந்த வசதியை உள்ளே விடவில்லை. 9ஆம் படி.

இன்னொன்று. ‘டெயின்ட்ஸ் கெர்னல்’ என்றோ ‘மாட்யூல் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்றோ டிமெஸ்ஜியில் ஒரு வரி வந்து, மாட்யூல் எல்எஸ்மாடிலும் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது எச்சரிக்கைதான், மாட்யூல் ஏறிவிட்டது. கெர்னலோடு வராத வெளி மாட்யூல் ஒன்று உள்ளே இருக்கிறது என்று குறித்துவைக்கிறது, அவ்வளவே. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

5. ஓடும் கெர்னல் எது, டிஸ்கில் இருக்கும் கெர்னல் எது?

பத்தில் ஆறு தடவை கோளாறு இங்கேதான் என்பது என் அனுபவம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

‘யூநேம் -ஆர்’ தட்டுங்கள். உதாரணத்துக்கு 5.15.0-91-ஜெனரிக் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ‘எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ்’ தட்டுங்கள். அங்கே 5.15.0-91-ஜெனரிக் என்ற பெயரில் டைரக்டரி இருக்கிறதா? எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும். 91 இருக்கும் இடத்தில் 92 இருந்தால் அது வேறு கெர்னல். என் டெர்மினலில் அன்று மேலே 91 என்றும், கீழே 94 மட்டும் தனியாகவும் நின்றன. மூன்று நாளாக நான் தேடிய விடை அந்த இரண்டு எண்களில் இருந்தது.

ஒத்துப்போகாமல் இருக்கச் சில காரணங்கள் உண்டு.

அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாதது முதல் காரணம். பழைய கெர்னல் மெமரியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஏறிய மாட்யூல்கள் வேலை செய்யும். புதிதாக ஒன்று கேட்கும்போதுதான் தடுக்கும். ஆர்ச் லினக்ஸில் இது இன்னும் கடுமை. கெர்னல் அப்டேட் பழைய பதிப்பின் மாட்யூல் டைரக்டரியையே அப்புறப்படுத்திவிடும். அங்கே கெர்னல் அப்டேட் என்றால் உடனே ரீபூட் என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

ஓடும் கெர்னலை நீங்களே நீக்கியது இரண்டாவது. ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ ஓடும் கெர்னலைத் தொடாது. பெயர் சொல்லி நீக்கும்போது, நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் கெர்னலையே நீக்கப் போகிறீர்கள், நிறுத்தவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். நான் அதைப் படிக்காமல் வேண்டாம் என்று அழுத்தினேன். அந்தப் பெட்டி வந்தால் நிறுத்துங்கள்.

மூன்றாவது விபிஎஸ்ஸுக்கே உரியது. ரீபூட் செய்தாலும் யூநேம் மாறவே மாறாது. சில இடங்களில் விஎம் தன் டிஸ்கில் இருக்கும் கெர்னலை எடுப்பதில்லை, வழங்குநர் வைத்திருக்கும் கெர்னலில் பூட் ஆகும். உள்ளே நீங்கள் எத்தனை கெர்னல் நிறுவினாலும் பயனில்லை. கன்ட்ரோல் பேனலில் ‘கெர்னல்’ அல்லது ‘பூட்’ என்ற அமைப்பைத் தேடி, டிஸ்கில் இருக்கும் கிரப் (கெர்னலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) வழியாகப் பூட் ஆகும்படி மாற்றுங்கள். மாற்றும் முன் டிஸ்கில் கெர்னலும் கிரப்பும் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விஎம் எழாது.

‘பூட்’ பார்ட்டிஷன் நிரம்பிப்போய்ப் புதிய கெர்னல் பாதியில் நிற்பதும் உண்டு. ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’, அப்புறம் ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’. பெரும்பாலும் சரியாகிவிடும்.

6. ஹெடரும் டிகேஎம்எஸ்ஸும்

கெர்னலோடு வராத மாட்யூல்களை உங்கள் விஎம்மிலேயே கம்பைல் செய்ய வேண்டும். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைத் தானாகச் செய்துதருவது டிகேஎம்எஸ். அதற்கு ஓடும் கெர்னலின் ஹெடர்கள் வேண்டும். ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-’ என்பதோடு யூநேம் காட்டிய பதிப்பை அப்படியே சேர்த்து நிறுவுங்கள். உபுண்டுவின் ‘ஜெனரிக்’ கெர்னல் என்றால் கூடவே ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’ பேக்கேஜையும் நிறுவிவிடுங்கள். இனி ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டோடும் ஹெடரும் தானாக வரும். இதைச் செய்யாதவர்கள்தான் மாதம் ஒரு முறை திரும்ப மாட்டுகிறார்கள்.

‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ தட்டினால் மாட்யூலின் பெயர், கெர்னல் பதிப்பு, கடைசியில் ‘இன்ஸ்டால்டு’ என்று வர வேண்டும். ‘ஆடட்’ என்று மட்டும் வந்தால் இன்னும் கட்டப்படவில்லை. ‘சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ ஓட்டுங்கள். சிறிய மாட்யூல் ஒரு நிமிடத்தில் முடியும். இசட்எஃப்எஸ் மாதிரிப் பெரியது ஒற்றை சிபியூ விஎம்மில் டீ குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரம் எடுக்கும், இடையில் நிறுத்தாதீர்கள்.

தோற்றால் ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்/’ கீழே அந்த மாட்யூலின் டைரக்டரியில் ‘மேக்.லாக்’ இருக்கும். அதில் கடைசி வரியைப் பார்க்காதீர்கள், முதல் ‘எர்ரர்’ வரியைப் பாருங்கள். ‘கில்டு’ என்று இருந்தால் மெமரி போதவில்லை. இரண்டு ஜிபி ஸ்வாப் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உபுண்டு 22.04இல் 6.5 கெர்னலுக்கு மாறியவர்களுக்குக் கம்பைலர் ஏதோ ஒரு ஆப்ஷன் தெரியவில்லை என்று முறையிடும்; அந்தக் கெர்னலைக் கட்டியது ஜிசிசி 12, உங்களிடம் இருப்பது 11. ‘ஜிசிசி-12’ பேக்கேஜை நிறுவினால் போதும். ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ மாதிரி சி மொழி எர்ரர்கள் வந்தால், மாட்யூலின் மூலநிரல் புதிய கெர்னலுக்கு இன்னும் திருத்தப்படவில்லை. புதிய பதிப்பைத் தேடுங்கள், அதுவரை கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸை சிடி இமேஜிலிருந்து நிறுவியிருந்தால் ‘சூடோ ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப்’ மறுபடி கட்டித்தரும், லாக் ‘/வார்/லாக்/விபாக்ஸ்ஆட்-செட்டப்.லாக்’. அதன் பதிப்பு ஹோஸ்டில் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்போடு ஒத்துப்போகட்டும். ஆனால் ‘விபாக்ஸ்கெஸ்ட்’ 4.16 முதலும், ஷேர்டு ஃபோல்டருக்கான ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ 5.6 முதலும் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டன. புதிய விநியோகம் என்றால் சிடி இமேஜைத் தொடும் முன் அவை ஏற்கெனவே இருக்கின்றனவா என்று மாட்இன்ஃபோவில் பாருங்கள். ஷேர்டு ஃபோல்டர் தெரிகிறது, திறக்கத்தான் அனுமதி இல்லை என்றால் அது மாட்யூல் கோளாறே இல்லை: உங்கள் பயனர் பெயரை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து மறுபடி வாருங்கள்.

7. செக்யூர் பூட்

‘மாக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்’ தட்டுங்கள். ‘எனேபிள்டு’ என்று வந்தால் கையெழுத்தில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் விஎம்முக்கும் செக்யூர் பூட் உண்டு. ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறை விஎம்களில் அது தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும். அங்கே லினக்ஸ் விஎம்முக்கு டெம்ப்ளேட்டை ‘மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சர்டிஃபிகேட் அத்தாரிட்டி’ என்று மாற்ற வேண்டும்.

வீட்டில் பழகும் விஎம் என்றால் விஎம்மை அணைத்துவிட்டு, அமைப்பில் செக்யூர் பூட்டை எடுத்துவிடுங்கள். அதில் தப்பில்லை. அலுவலக விஎம் என்றால் எடுக்காதீர்கள். மாட்யூலில் கையெழுத்திடும் சாவியைப் பதிவு செய்யுங்கள். ஹோஸ்ட் லேப்டாப்பில் எடுப்பதற்கு முன்னும் யோசியுங்கள். விண்டோஸும் அதே மெஷினில் இருந்து பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்டு நிற்கும்.

சாவி பதிவு இப்படி. உபுண்டுவில் டிகேஎம்எஸ் பயன்படுத்தும் சாவி ‘/வார்/லிப்/ஷிம்-சைன்டு/மாக்/’ டைரக்டரியில் ‘மாக்.டெர்’ என்று இருக்கும். ‘சூடோ மாக்யூடில் --இம்போர்ட்’ என்று தட்டி அந்த ஃபைலின் பாதையைக் கொடுங்கள். ஒரு பாஸ்வேர்டு கேட்கும். இது அடுத்த பூட்டில் ஒரே ஒரு முறை பயன்படுவது. சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து, தாளில் எழுதுங்கள். சிறப்புக் குறிகள் வேண்டாம். அந்த நீலத் திரையில் உங்கள் கீபோர்டு அமைப்பு இருக்காது.

இப்போது கன்சோல் ஜன்னலைத் திறந்து, கர்சரை அதற்குள் சொடுக்கி வைத்துவிட்டு, அப்புறம் ரீபூட் செய்யுங்கள். நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லிப் பத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அந்தப் பத்து விநாடிக்குள் அழுத்தாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல் பூட் ஆகிவிடும். பதிவுக் கோரிக்கையும் போய்விடும், இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அழுத்தியதும் ‘என்ரோல் மாக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்டு, ‘ரீபூட்’. பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எழுத்து தெரியாது, கை சரியாகத்தான் தட்டுகிறது என்று நம்பித் தட்டுங்கள். திரும்ப வந்ததும் ‘மாக்யூடில் --லிஸ்ட்-என்ரோல்டு’ தட்டி உங்கள் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்ப்ரோப் செய்யுங்கள்.

இன்னும் நிராகரித்தால், பெரும்பாலும் மாட்யூலில் கையெழுத்தே இல்லை என்று அர்த்தம். அப்போது ‘மாட்இன்ஃபோ -எஃப் சைனர்’ வெறுமையாக வரும். டிகேஎம்எஸ்ஸில் அந்த மாட்யூலை நீக்கிவிட்டு மறுபடி கட்டச் சொல்லுங்கள், இப்போது கையெழுத்தோடு வரும்.

8. விஎம்மே எழவில்லை என்றால்

விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்கு மாற்றிய விஎம்களில் இது சகஜம். ரூட் டிஸ்கைக் காணோம் என்று சொல்லி ‘டிராகட்’ ஷெல்லில் நின்றுவிடும். டிஸ்கில் விர்ட்ஐஓ மாட்யூல் இருக்கும். ஆனால் டிஸ்கைப் படிக்கவே அந்த மாட்யூல் வேண்டும். அதனால் அது, பூட்டின் தொடக்கத்தில் கெர்னலோடு மெமரியில் ஏறும் சிறிய கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருந்தாக வேண்டும். ரெட்ஹேட் குடும்பத்தில் இனிட்ராம்எஃப்எஸ், அது உருவான மெஷினின் வன்பொருளுக்கு மட்டுமே கட்டப்படும். புது இடத்தில் விர்ட்ஐஓ விடுபட்டுப்போகும்.

கிரப்பில் ‘ரெஸ்க்யூ’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் எல்லா டிரைவரும் இருக்கும். உள்ளே வந்ததும், இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் ‘டிராகட்’ கட்டளைக்கு ‘-எஃப்’, ‘--நோ-ஹோஸ்ட்ஒன்லி’ கொடுத்து, நீங்கள் வழக்கமாகப் பூட் செய்யும் கெர்னலின் பதிப்பையும் ‘--கேவெர்’ என்று சொல்லுங்கள். பதிப்பைச் சொல்லாவிட்டால் இப்போது ஓடும் கெர்னலுக்குக் கட்டிவிடும். உபுண்டு, டெபியனில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்’. இடம் மாற்றும் முன்பே, பழைய ஹோஸ்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் ஐந்து நிமிடம். பிறகு செய்தால் ஒரு மாலை.

9. ஹோஸ்ட் பக்கம்

லினக்ஸ் ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸ் ‘கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு’ என்று மைனஸ் 1908 எண்ணோடு நின்றால், அது ஹோஸ்டின் ‘விபாக்ஸ்டிஆர்வி’ மாட்யூல் ஏறாத கதை. மேலே சொன்ன 5, 6, 7 படிகளை ஹோஸ்டில் செய்யுங்கள். பெரும்பாலும் செக்யூர் பூட்டாக இருக்கும்.

விஎம் தொடங்கும்போது ‘விஎம்எக்ஸ் ரூட் மோட்’ என்ற சொற்கள் வந்தால் கேவிஎம் மாட்யூல் சிபியூவின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது. லினக்ஸ் 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் ஏறிய உடனே இது நடக்கிறது, அதற்குமுன் கேவிஎம்மில் ஒரு விஎம் ஓடினால்தான் நடக்கும். ‘சூடோ மாட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்’ போட்டு இறக்கிவிடுங்கள், ஏஎம்டி என்றால் ‘கேவிஎம்_ஏஎம்டி’. நிரந்தரமாக வேண்டுமானால் கிரப்பின் கெர்னல் வரியில் ‘கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0’ சேர்க்கலாம்.

விஎம்முக்குள் விஎம் வேண்டுமென்றால் விஎம்மின் ‘/ப்ராக்/சிபியூஇன்ஃபோ’வில் ‘விஎம்எக்ஸ்’ அல்லது ‘எஸ்விஎம்’ இருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் ஏஎம்டிக்கு 6.0, இன்டெலுக்கு 6.1 முதல் ‘நெஸ்டட்’ என்ற தேர்வு உண்டு. கேவிஎம்மில் சிபியூ மாடலை ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ என்று வையுங்கள். வாடகை விபிஎஸ்ஸில் இதை வழங்குநர்தான் திறக்க முடியும், வாங்கும் முன் கேளுங்கள்.

10. ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க

கையால் ஏற்றிய மாட்யூல் ரீபூட்டில் போய்விடும். ‘/இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி/’ டைரக்டரியில் ஒரு ஃபைல் வைத்து, மாட்யூல் பெயரை ஒரு வரியில் எழுதுங்கள். ஃபைல் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடியாவிட்டால் அது படிக்கப்படாது.

எல்லாம் சரி, ஆனாலும் ஏறவில்லையா? ‘மாட்ப்ரோப் -என் -வி’ என்று தட்டி மாட்யூல் பெயரைக் கொடுங்கள். ஏற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். ‘இன்ஸ்டால் /பின்/ஃபால்ஸ்’ என்று வந்தால் யாரோ வேண்டுமென்றே தடுத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காக இறுக்கப்பட்ட இமேஜ்களில் ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்’, ‘யூடிஎஃப்’ போன்றவற்றை இப்படி மூடிவைப்பது வழக்கம்; ஸ்நாப் பேக்கேஜ்கள் திடீரென்று திறக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரி ‘/இடிசி/மாட்ப்ரோப்.டி/’ கீழே இருக்கும். ‘பிளாக்லிஸ்ட்’ வரி வேறு: அது தானாக ஏறுவதை மட்டும் தடுக்கும், பெயர் சொல்லி ஏற்றினால் ஏறும். அலுவலக மெஷின் என்றால் எடுக்கும் முன் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

மாற்றங்கள் முடிந்ததும் இரண்டு முறை ரீபூட் செய்து பாருங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, 1ஆம் படியில் எடுத்த ஸ்நாப்ஷாட்டை மறக்காமல் நீக்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் அது நாளுக்கு நாள் டிஸ்கைத் தின்னும், விபிஎஸ்ஸில் மாதா மாதம் பில்லில் வரும்.